‘வேண்டாம்’ குவியலிலிருந்து தொடங்குங்கள்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தொழில் ஆலோசனை செய்வது எப்படி

“வளர்ந்ததும் என்னவாகப் போகிறாய்?” என்ற கேள்வியை என் அறையில் நான் கேட்பதில்லை. பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு விடை தெரியாது. ஆனால் கேட்கிறவருக்கு எந்த விடை பிடிக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். டாக்டர், இன்ஜினியர், போலீஸ் என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நாமும் அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவோம்.

இது என் கற்பனை இல்லை. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வை 2018-இல் எழுதிய 15 வயதுப் பிள்ளைகளிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 41 நாடுகளின் விடைகளை வைத்து, அந்தத் தேர்வை நடத்தும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் பையன்களில் 47 சதவீதமும் சொன்னவை வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்கோ-08 வகைப்பாட்டில் வேலைகள் 436 அடிப்படைப் பிரிவுகளாக இருக்கின்றன. மீதி நானூற்றுச் சொச்சம் எங்கே போயின?

பெரும்பாலும் இந்த நடுநிலை வகுப்புகளில்தான் போகின்றன. லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற உளவியலாளர் 1981-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே வேலைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் ‘இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை’ என்று ஒரு அடி. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் ‘இது நம்ம தகுதிக்குக் கம்மி, இது நமக்கு எட்டாது’ என்று இன்னொரு அடி. எனக்கு எது பிடிக்கும், எனக்கு எது வரும் என்று தன்னைப் பார்த்து யோசிப்பது பதினான்கையொட்டித்தான் வருகிறது. அதற்குள் பட்டியல் சுருங்கிப் போயிருக்கும். அடித்தது அவர்களுக்கே நினைவில் இருக்காது.

ஆகவே இந்த வயதில் ஆலோசகரோ ஆசிரியரோ பெற்றோரோ செய்ய வேண்டியது, ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வைப்பது அல்ல. எதை அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று பார்ப்பது. அதற்கு நான் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன்.

அட்டைகள்

நாற்பது சின்ன அட்டைகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு வேலையின் பெயர். படம் வேண்டாம். படம் போட்டால் அதில் ஆணோ பெண்ணோ நிற்பார். பிள்ளை அந்த ஆளைப் பார்த்து முடிவு செய்துவிடும். பெயரும் யாருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கட்டும்.

எந்த நாற்பது? இதில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நமக்குத் தோன்றியதை எழுதினால் நம் வீட்டிலும் நட்பிலும் இருக்கும் வேலைகள்தான் வரும். ஐஎஸ்கோவில் பத்துப் பெரும்பிரிவுகள் இருக்கின்றன: மேலாளர், உயர் தொழில் வல்லுநர், தொழில்நுட்பர், எழுத்தர், சேவை மற்றும் விற்பனை, விவசாயம், கைத்தொழில், இயந்திரம் இயக்குவோர், அடிப்படை வேலைகள், ராணுவம். ஒவ்வொன்றிலிருந்தும் சிலவற்றை எடுங்கள். என் அட்டைக்கட்டில் கிரேன் ஆபரேட்டர், பல் செட் செய்பவர், நீதிமன்றச் சுருக்கெழுத்தர், தேனீ வளர்ப்பவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், காப்பீட்டுக் கணக்கியலாளர், காது கேட்கும் திறன் பரிசோதகர் எல்லாம் உண்டு. டாக்டரும் உண்டு. அதை விட்டால் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டின் மேல் நம்பிக்கை வராது.

மூன்று குவியல் பிரிக்கச் சொல்லுங்கள்: ‘சரி’, ‘வேண்டாம்’, ‘தெரியாது’. நேரம் கொடுங்கள். பேசாத பிள்ளைக்குக்கூட இது சுலபம், கைக்கு ஒரு வேலை இருக்கிறது. நான் எதிரே உட்காருவதில்லை, பக்கத்தில் உட்காருவேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில பிள்ளைகளுக்கு வார்த்தை வராது.

பிரித்து முடித்ததும் எல்லோரும் ‘சரி’ குவியலுக்குத்தான் கையை நீட்டுவார்கள். அதை ஓரமாக வையுங்கள். ‘வேண்டாம்’ குவியலை எடுங்கள்.

“ஏன் வேண்டாம்?” என்று நேரடியாகக் கேட்டால் பிள்ளை தற்காப்புக்குப் போய்விடும். நான் கேட்பது வேறு: “இந்த வேலைக்குப் போகிறவர் காலையில் போனதும் முதலில் என்ன செய்வார்?” ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கிரேன் ஆபரேட்டர் அட்டையை யோசிக்காமல் ‘வேண்டாம்’ பக்கம் போட்டிருந்தாள்.

“அது ஜென்ட்ஸ் வேலை மிஸ்.”

“சரி. மேலே ஏறி உட்கார்ந்ததும் என்ன செய்வாங்க?”

“லீவரைப் பிடிச்சு இழுப்பாங்க.”

“ரொம்ப பலமா இழுக்கணுமோ?”

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். “இல்ல… மெஷின்தானே தூக்குது. கண்ணு நல்லாத் தெரியணும். எவ்வளவு தூரம்னு கரெக்டா கணக்குப் பண்ணணும். கீழ ஒருத்தர் கை காட்டுவாரு, அதைப் பார்க்கணும்.” அப்புறம் அவளாகவே சொன்னாள்: “ஆனா எனக்கு உயரம்னா பயம்.”

சரி, இப்போது அது நியாயமான காரணம். அட்டை ‘வேண்டாம்’ குவியலிலேயே இருக்கட்டும். அவளைக் கிரேன் ஓட்ட வைப்பது என் நோக்கமே இல்லை. ‘ஜென்ட்ஸ் வேலை’ என்று தள்ளுவதும் ‘எனக்கு உயரம் பயம்’ என்று தள்ளுவதும் ஒன்றல்ல. முதல் காரணத்தை விட்டுவைத்தால் கிரேனோடு சேர்ந்து வெல்டிங், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் எல்லாமே போய்விடும். இரண்டாவது காரணத்தால் உயரத்தில் ஏறும் வேலைகள் மட்டுமே போகும்.

வேலையில் முதலில் என்ன செய்வார் என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால், அது பிடிக்காத வேலை இல்லை, தெரியாத வேலை. “அப்போ இதை ‘தெரியாது’ குவியலுக்கு மாத்தலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் மாற்றுவார்கள். தெரியும், எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் வாதாடாதீர்கள். இரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்கிற பிள்ளைக்கு அறுவை சிகிச்சையின் பெருமையை விளக்கி என்ன பயன்?

மற்ற இரண்டு காரணங்கள்தான் நேரம் பிடிக்கும். ‘எங்க வீட்டுக்கு இது சரிப்படாது’ என்பது ஒன்று. ‘எனக்கு அது வராது’ என்பது இன்னொன்று. முதலாவது வகுப்பில் எல்லோர் முன்னாலும் வெளியே வராது. தனியாக இருக்கும்போதுதான், அதுவும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது வரும். வந்தால் திருத்தப் போகாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். அது பெற்றோரோடு பேச வேண்டிய விஷயம். இரண்டாவது பெரும்பாலும் ஒரே ஒரு பாடத்தின் மதிப்பெண்ணைப் பார்த்து வந்த முடிவு. அந்தப் பாடம் எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

கணக்கு

“எனக்கு கணக்கு வராது மிஸ்” என்று பன்னிரண்டு வயதில் சொல்லும் பிள்ளை, அந்த ஒரு வரியால் எத்தனை அட்டைகளைத் தள்ளுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மேல்வகுப்பில் மற்ற பாடங்களை விட்டால் சில கதவுகள் மூடும். கணக்கை விட்டால் ஒரு தெருவே மூடிவிடும். அதனால் தொழில் ஆலோசனை என்ற பெயரில் நான் அடிக்கடி செய்வது பின்னம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதுதான். பலூன் கட்டி, மேடை போட்டு நடத்தும் தொழில் கண்காட்சியை விட, பின்னமும் விகிதமும் தடுமாறும் பிள்ளைக்குச் சில வாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது அதிகக் கதவுகளைத் திறந்துவைக்கும் என்பது என் கட்சி.

கணக்கை வேலையோடு சேர்த்துக் காட்டுங்கள். ‘சரி’ குவியலில் செவிலியர் அட்டையை வைத்திருக்கும் பிள்ளையிடம் இப்படி ஒன்று கொடுக்கலாம்: பாட்டிலில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. குழந்தைக்கு டாக்டர் எழுதியது 100 மில்லிகிராம். சிரிஞ்சில் எத்தனை மில்லி எடுப்பாய்? பதில் 2. விகிதப் பாடத்தில் வரும் அதே கணக்குதான். ஆனால் ‘20 எடுத்தால் என்ன ஆகும்?’ என்று அடுத்துக் கேட்டீர்களானால், புள்ளி ஒரு இடம் தள்ளிப் போவது என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு அதுவரை இல்லாத மாதிரி புரியும். லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு மின்சாரப் பாடத்தில் வரும் ஓமின் விதி, தச்சருக்குச் சரிவும் கோணமும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கணக்கு என்று ஒரு கணித ஆசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தயாரித்து வையுங்கள்.

‘தெரியாது’ குவியலும் விருந்தாளியும்

இந்தக் குவியல் பெரிதாக இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அதிலிருந்து மூன்றை மட்டும் பிள்ளையே எடுக்கட்டும். அடுத்த சந்திப்புக்குள் அந்த வேலை செய்யும் ஒருவரிடமாவது பேசிவிட்டு வர வேண்டும். இணையத்தில் தேடுவது இரண்டாம்பட்சம்.

ஏன் நேரில் என்றால், அது ரொம்ப அபூர்வமாக நடக்கிறது. 2018-இல் ‘டிராயிங் தி ஃபியூச்சர்’ என்ற ஆய்வில் இருபது நாடுகளில் ஏழிலிருந்து பதினொரு வயது வரையுள்ள சுமார் 20,000 குழந்தைகளைத் தங்கள் எதிர்கால வேலையை வரையச் சொன்னார்கள். அந்த வேலையைப் பற்றி, அதைச் செய்பவர் பள்ளிக்கு வந்து சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கு வீடு, டிவி, சினிமா.

விருந்தாளியைப் பள்ளிக்கு அழைப்பதாக இருந்தால் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பவர்பாயின்ட் கொண்டுவர வேண்டாம். வேலையில் தினமும் கையில் எடுக்கும் பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள். பல் செட் செய்யும் ஒருவர் பிளாஸ்டர் தாடை அச்சு ஒன்றையும் மெழுகு செதுக்கும் கத்தியையும் மட்டும் எடுத்து வந்தார். அச்சைக் கைமாற்றிக் கொடுத்து, “இதில் ஒரு பல் மட்டும் நான் மெழுகில் செய்தது, எது?” என்றார். கடைசி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். ஒருவன் நகத்தால் சுரண்டியே கண்டுபிடித்தான். அவனிடம் அவர், “நீ சுரண்டித்தான் கண்டுபிடிச்சே, வாயில இருக்கும்போது யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, அதுதான் என் வேலை” என்றார். அறிமுக உரை அதற்கு மேல் தேவைப்படவில்லை.

கேள்விகளைப் பிள்ளைகளிடம் முன்பே எழுதி வாங்குங்கள். ‘இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்’ என்பது எல்லோரும் கேட்பது, இருக்கட்டும். நான் சேர்க்கச் சொல்பவை: நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்? எந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள்? தப்பு நடந்தால் யாருக்குப் பாதிப்பு? மாதச் சம்பளமா, வேலைக்கு வேலை கூலியா, சும்மா இருக்கும் மாதங்கள் உண்டா? சம்பளம் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்று சிலர் தடுப்பார்கள். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. பணம் எப்படி வருகிறது என்று சொன்னால் போதும். பன்னிரண்டு வயதுக்கு அது புரியும்.

“இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?” என்பதைக் கடைசியில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரோ ஒரு மாமா சொன்னார், வேறு இடத்தில் இடம் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்றுதான் பதில் வரும். ஜான் கிரம்போல்ட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-இல் இதைப் பற்றித்தான் எழுதினார்கள்: தற்செயல் எல்லோர் வாழ்க்கையிலும் வரும், அதைப் பிடித்துக்கொள்ள ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, கொஞ்சம் துணிச்சல் வேண்டும் என்று. பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களையெல்லாம் சொல்லத் தேவையில்லை. பதினொரு வயதிலேயே எல்லாவற்றையும் திட்டமிட்டு வந்தவர் அறையில் ஒருவர்கூட இல்லை என்பதை அவர்கள் காதால் கேட்டாலே தோளில் ஒரு பாரம் இறங்கும்.

தேர்வுத்தாள்கள், ஆப்கள்

ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இல் முன்வைத்த ஆறு வகை இன்றைக்கும் பெரும்பாலான ஆர்வத் தேர்வுகளுக்கு அடிப்படை: கையால் செய்பவர், ஆராய்பவர், படைப்பவர், உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்குபடுத்துபவர். நல்ல வகைப்பாடுதான். இந்த வயதில் அதைப் பேசுவதற்கான சொற்களாக மட்டும் பயன்படுத்துங்கள். பிள்ளைக்கு அதிகம் பொருந்தும் மூன்று வகைகளின் முதலெழுத்தைச் சேர்த்து இந்தத் தேர்வுகள் தரும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பிள்ளையின் கோப்பில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் அடுத்த ஆசிரியர் பிள்ளையைப் பார்க்க மாட்டார், குறியீட்டைப் பார்ப்பார். டொனால்ட் சூப்பர் என்ற உளவியலாளரின் கணக்குப்படி பதினொன்று, பன்னிரண்டு வயதில் விருப்பம்தான் பேசும். திறமை என்னவென்று யோசிப்பது பதின்மூன்று, பதினான்கில்தான் தொடங்கும். ஆறாம் வகுப்பு விடைத்தாளும் எட்டாம் வகுப்பு விடைத்தாளும் வேறு வேறாக இருந்தால் பிள்ளை குழம்பியிருக்கிறது என்று அர்த்தமில்லை, வளர்ந்திருக்கிறது.

கைரேகையை ஸ்கேன் செய்து மூளைத் திறனையும் தொழிலையும் சொல்கிறோம் என்று யாராவது பள்ளிக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது.

தேர்வுக்குப் பதிலாக நான் ஒரு வாரக் குறிப்பு கேட்பேன். யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது என்ன, நேரம் போனதே தெரியாமல் செய்தது என்ன, மற்றவர்கள் உன்னிடம் வந்து உதவி கேட்டது எதற்கு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றுக்கும் ‘ஃபுட்பால்’ என்று எழுதிவந்தான். நீ அதில் என்ன செய்வாய் என்றேன். விளையாடுவேன் என்றான். விளையாடாமல் இருக்கும்போது? “டீம் பிரிப்பேன். யார் எங்க நிக்கணும்னு சொல்வேன். சண்டை வந்தா என்கிட்டதான் வருவாங்க.” பிரிப்பேன், சொல்வேன், தீர்த்துவைப்பேன்: இந்த வினைச்சொற்கள்தான் நமக்கு வேண்டியவை. ‘ஃபுட்பால்’ என்று எழுதினால் ஒரு வேலைதான் கண்ணில் படும். இந்த மூன்றை எழுதினால் அட்டைக்கட்டில் பாதியோடு பேசலாம்.

பெரிய ஆட்டக்காரன் ஆவேன், யூடியூபர் ஆவேன் என்று ஒரே பிடியாக நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும் என்ற பிரசங்கம் வேண்டாம். அதை எல்லாப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அவர்களுக்குப் பிடித்த ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு, அது வெளிவர எத்தனை பேர் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கேமரா, ஒலி, வெளிச்சம், எடிட்டிங், ஸ்கிரிப்ட், முகப்புப் படம், விளம்பரப் பேச்சுவார்த்தை, கணக்கு வழக்கு, காப்புரிமை. அப்புறம், “இதில் எதை இந்த வாரம் செய்து பார்த்தாய்?” என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்றால் அது பார்க்கப் பிடிக்கிறது என்ற அளவில் இருக்கிறது. அதிலும் தப்பில்லை.

பெற்றோர்

“டாக்டருக்குப் படிக்கச் சொல்லுங்க மிஸ், நீங்க சொன்னா கேப்பா” என்று வருவார்கள். எதிர்த்துப் பேசினால் அன்றோடு கதவு மூடிவிடும். நான் அட்டைக்கட்டை அவர்கள் கையில் கொடுப்பேன். உங்கள் பெண் எதை ‘சரி’யில் வைப்பாள், எதை ‘வேண்டாம்’ என்பாள் என்று நீங்கள் பிரியுங்கள். பெண் சம்மதித்தால் மட்டும் அவள் பிரித்ததை எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம். சம்மதம் இல்லாமல் காட்டாதீர்கள். ஒருமுறை காட்டினால் அந்தப் பிள்ளை மறுபடி உங்களிடம் உண்மையாகப் பிரிக்காது. இரண்டு வரிசையும் பொருந்தாத இடத்தில் பேச்சு தானாக ஆரம்பிக்கும், நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

பெற்றோரின் பிடிவாதத்துக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது பயம்தான்: வருமானம் நிற்குமா, மரியாதை இருக்குமா. அதை மறைமுகமாகச் சுற்றிவராமல் நேராகவே பேசுங்கள். “எட்டாம் வகுப்பில் எதையும் முடிவு செய்யப் போவதில்லை, எதையும் மூடாமல் வைத்திருக்கப் போகிறோம், டாக்டர் உட்பட” என்று சொன்னால் அநேகமாக எல்லாருமே ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் எப்படித் தங்கள் வேலைக்கு வந்தார்கள் என்பதைப் பிள்ளை முன்னால் சொல்லவும் கேளுங்கள். பல வீடுகளில் அந்தக் கதை பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

கோப்பு

ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு தாள். ‘ஆர்வம்: மருத்துவம்’ என்று எழுதாதீர்கள். தேதி, பிள்ளை சொன்ன வினைச்சொற்கள், குவியல் மாறிய அட்டைகள், மாறாத ‘வேண்டாம்’கள், அதற்குப் பிள்ளை சொன்ன காரணம் அதே வார்த்தைகளில். அடுத்து செய்ய வேண்டிய ஒன்றே ஒன்று, அதை யார் செய்வது, எப்போதுக்குள். ‘கணக்கில் கவனம் செலுத்த வேண்டும்’ என்பது அடுத்த படி ஆகாது. ‘புதன்கிழமை மதியம் விகிதம், கணக்கு சாரிடம், மாத இறுதி வரை’ என்பது ஆகும்.

வகுப்பில் நிறையப் பேர் இருந்து நீங்கள் ஒருவர்தான் என்றால், அட்டை பிரிப்பதை இரண்டிரண்டு பேராக நடத்துங்கள். ‘காலையில் போய் முதலில் என்ன செய்வார்’ என்ற கேள்வியை அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ‘வேண்டாம்’ குவியல் மிகப் பெரிதாக இருப்பவர்களையும், ‘சரி’யில் ஒரே ஒரு அட்டை வைத்திருப்பவர்களையும் மட்டும் முதலில் தனியாகக் கூப்பிடுங்கள். நாற்பதையும் ‘சரி’ என்று வைத்துவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையையும் கூப்பிடுங்கள். அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும்.

அடுத்த ஆண்டு அதே கட்டைத் திரும்பக் கொடுங்கள். அட்டைகளைப் பிரித்து முடித்த பிறகுதான் பழைய தாளைக் காட்ட வேண்டும், முன்னால் அல்ல. கிழிந்த அட்டைகளை மாற்றும்போது நாலைந்து புது வேலைகளையும் சேருங்கள். அவற்றை எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களையே எழுதித் தரச் சொல்லலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: அந்த வேலை செய்யும் ஒருவரிடம் அவர்கள் பேசியிருக்க வேண்டும்.